பாறையிலிருந்து பல்லுக்கு: குடிநீரில் ஃப்ளூரைடு

கழுத்தைத் திருப்ப முடியவில்லை, குனிந்தால் நிமிர இயலவில்லை, தரையில் சம்மணமிட்டு அமர்ந்து ஆண்டுகள் ஆயின என்று சொல்லி வரும் சிலரிடம் எங்கள் மருத்துவர்கள் வலியைப் பற்றிய கேள்விகளை முடித்தபின், "எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள்? எத்தனை ஆண்டுகளாக?" என்று வினவுவதுண்டு. கேட்கப்பட்டவர் உடன் வந்தவரைப் பார்ப்பார். முதுகுவலிக்கும் கிணற்றுக்கும் என்ன தொடர்பு என்ற ஐயம் அந்தப் பார்வையில் தெரியும். அந்த ஐயத்திற்கு விடை மருத்துவ நூல்களில் மட்டும் கிடைப்பதில்லை. பாறைகளை ஆராய்ந்தவர்களும், ஆடுமாடுகளையும் மான்களையும் ஆராய்ந்தவர்களும், நீரைப் பகுத்துப் பார்த்த வேதியியலாளரும் சேர்ந்து கண்டறிந்த விடை அது.

1901-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் தொழில் தொடங்கிய ஃபிரெடெரிக் மெக்கே என்னும் இளம் பல் மருத்துவர், அவ்வூரிலேயே பிறந்து வளர்ந்தவர்களின் பற்களில் பழுப்புக் கறையைக் கண்டார். எவ்வளவு தேய்த்தாலும் அது போகவில்லை. வளர்ந்தபின் அந்நகருக்குக் குடிவந்தவர்களுக்கோ கறையே இல்லை. பல் உருவாகும் வயதில் எதுவோ உள்ளே சென்றிருக்கிறது என்பது புலனாயிற்று; அது எது என்று தெரியவில்லை. 1923-இல் ஐடஹோ மாநிலத்தின் ஓக்லி என்னும் சிற்றூரின் பெற்றோர்கள் அவரை அழைத்தனர். தொலைவிலிருந்த ஒரு வெந்நீர் ஊற்றிலிருந்து ஊருக்குக் குழாய் அமைத்த பிறகே தங்கள் பிள்ளைகளின் பற்களில் கறை தோன்றியது என்பது அவர்களது கூற்று. மெக்கே அந்நீரைச் சோதித்தார். ஐயத்திற்குரிய எதுவும் அகப்படவில்லை. ஆயினும் பெற்றோர் கண்டதை அவர் நம்பினார். குழாயைக் கைவிட்டு அருகிலுள்ள வேறோர் ஊற்றைப் பயன்படுத்துங்கள் என்று ஊர்த் தலைவர்களிடம் கூறினார். அவ்வாறே செய்தனர். சில ஆண்டுகளில் அவ்வூரின் இளைய குழந்தைகளுக்குக் கறையற்ற பற்கள் முளைத்தன. காரணத்தின் பெயர் தெரியாமலே ஓர் ஊர் தன் பிள்ளைகளைக் காத்துக்கொண்டது.

பெயர் தெரிந்தது 1931-இல். அலுமினிய நிறுவனம் ஒன்றின் ஆய்வகத்தில் பணியாற்றிய சர்ச்சில் என்னும் வேதியியலாளர் நீரில் மிகுந்த ஃப்ளூரைடைக் கண்டார். அதே ஆண்டில் அரிசோனாவில் ஸ்மித் தம்பதியர் கறை காணப்பட்ட ஊரின் நீரைச் சுண்டவைத்து எலிகளுக்குக் கொடுத்து, எலிகளின் பற்களிலும் அதே மாற்றத்தைக் கண்டனர். மொராக்கோவில் வெலு என்னும் கால்நடை மருத்துவர், ஆடுகளின் பற்களைச் சிதைத்த, அந்நாட்டு மக்கள் 'தார்மூஸ்' என்று அழைத்த நோய்க்கும் பாஸ்பேட் பாறைகள் நிறைந்த நிலத்திற்கும் உள்ள தொடர்பைக் கூறி, அதுவும் ஃப்ளூரைடின் விளைவே என்று அதே ஆண்டில் எழுதினார்.

நம் பக்கத்துக் கதையும் கால்நடைகளிலிருந்தே தொடங்குகிறது. அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில், பின்னர் பிரகாசம் மாவட்டத்தில் சேர்ந்த பொதிலிப் பகுதியில், உழவு மாடுகள் நடக்க மாட்டாமல் முடங்குவதை உழவர்கள் கண்டனர். பின்னர் மனிதரிடமும் அதே முடக்கம் தென்பட்டது. கிண்டியிலுள்ள கிங் நிலையத்தில் பணியாற்றிய ஷார்ட்டும் அவருடைய கூட்டாளிகளும் 1937-இல் இந்நோயை விவரித்து எழுதினர். இந்தியாவில் ஃப்ளூரோசிஸ் மருத்துவ உலகின் கவனத்திற்கு வந்தது அப்போதுதான். (மலேரியாக் கிருமி மனிதக் கல்லீரலில் மறைந்து வளர்வதைப் பிற்காலத்தில் கார்ன்ஹாமுடன் சேர்ந்து கண்டறிந்தவரும் இதே ஷார்ட்தான்.)

இனி, ஃப்ளூரைடு தண்ணீருக்கு எவ்வாறு வருகிறது என்று பார்ப்போம். பல ஊர்களில் இதற்கு ஆலைக் கழிவோ எவருடைய குற்றமோ காரணம் அன்று. தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் மாவட்டங்களின் அடியில் கிடப்பவை மிகப் பழமையான கடினப் பாறைகள்: கருங்கல், நைஸ், சார்னோகைட். இப்பாறைகளிலுள்ள அப்படைட், பயோடைட், ஹார்ன்பிளென்ட் போன்ற கனிமங்கள் தமக்குள் ஃப்ளூரைடைக் கொண்டுள்ளன. பாறை வெடிப்புகளில் தங்கும் நீர் அதைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொள்கிறது. நீரில் கால்சியம் மிகுந்திருந்தால் ஃப்ளூரைடு அதனோடு சேர்ந்து படிந்துவிடும். கால்சியம் குறைந்து சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்த காரத்தன்மையுள்ள நீரிலோ ஃப்ளூரைடு கரைந்தபடியே நிற்கும். மழை குறைந்து வெப்பம் மிகுந்த நிலங்களில் இந்நிலை எளிதில் உண்டாகிறது. நீர் பாறையோடு எவ்வளவு காலம் தொட்டுக்கொண்டு கிடந்தது என்பதும் முக்கியம். ஆழத்து நீர் பெரும்பாலும் நெடுங்காலம் கிடந்த நீர். எனவே, மழையில் நிறைந்து கோடையில் வற்றும் திறந்த கிணற்றை விட்டு ஆழ்துளைக் கிணற்றுக்கு மாறிய குடும்பம், தூய நீருக்கு மாறிவிட்டோம் என்று மகிழ்ந்திருக்கையிலேயே மிகுதியான ஃப்ளூரைடைக் குடிக்கத் தொடங்கியிருக்கக்கூடும். ஒரே தெருவில் இரண்டு கிணறுகள் முற்றிலும் வேறுபடுவதும் உண்டு. ஆகவே பக்கத்து வீட்டின் சோதனை முடிவு உங்கள் கிணற்றுக்குப் பொருந்தாது.

ஃப்ளூரைடுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. இதனால்தான் பிற உயிர்களின் உடலில் அது விட்டுச்செல்லும் தடயத்தை அறிவியலாளர் தேடுகின்றனர். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், அலுமினிய உருக்காலை ஒன்றின் அருகே மேய்ந்த கங்காருகளின் பற்களிலும் மூட்டெலும்புகளிலும் ஃப்ளூரோசிஸ் கண்டறியப்பட்டது. ஐரோப்பாவின் மான்கொம்பு ஆய்வுகள் இன்னும் சுவையானவை. மானின் கொம்பு ஆண்டுதோறும் உதிர்ந்து, சில மாதங்களில் புதிதாக வளரும் எலும்பு. அவ்வாண்டில் அந்த மான் உட்கொண்ட ஃப்ளூரைடு அக்கொம்பில் பதிகிறது. ஆண்டு குறித்துச் சேர்த்துவைக்கப்பட்ட பழைய கொம்புகளை அளந்து, நிலக்கரிப் புகை மிகுந்த காலத்தையும், ஆலைகள் கட்டுப்படுத்தப்பட்ட பின் மாசு தணிந்த காலத்தையும் ஆய்வாளர்கள் ஆண்டுவாரியாகப் பிரித்தறிந்தனர். மான் கொம்பை உதிர்த்துவிடுகிறது. நம் எலும்போ உதிர்வதில்லை. ஆண்டுகளின் கணக்கெல்லாம் அதனுள்ளேயே சேர்கிறது.

வளர்ந்தவர் உடலில் உறிஞ்சப்படும் ஃப்ளூரைடில் ஏறத்தாழப் பாதி எலும்பில் தங்குகிறது. வளரும் குழந்தைகளில் அதைவிட மிகுதியாகத் தங்குகிறது. எஞ்சியதைச் சிறுநீரகம் வெளியேற்றுகிறது. சிறுநீரகம் செயலிழந்தவர்களின் உடலில் அது கூடுதலாகத் தேங்கும் என்பதனை டயாலிசிஸ் பெறுவோரின் குடும்பத்தினர் அறிந்திருத்தல் நலம். மருத்துவமனையில் டயாலிசிஸுக்கான நீர் தனியே தூய்மை செய்யப்படுகிறது. வீட்டில் குடிக்கும் நீரை நீங்கள்தாம் கவனிக்க வேண்டும்.

எவ்வளவு மிகுந்தால் தீங்கு? உலக நலவாழ்வு நிறுவனம் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்று வரையறுத்துள்ளது. இந்தியத் தர நிர்ணயம் 1 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீர் இல்லாதவிடத்து 1.5 மில்லிகிராமை உச்ச அளவாகவும் கொள்கிறது. குறைந்த அளவு ஃப்ளூரைடு பற்சொத்தையைத் தடுக்கும் என்பதும் உண்மையே. அளவு கூடும்போது முதலில் குழந்தைகளின் பற்களில் வெண்திட்டுகளும் மஞ்சள், பழுப்புக் கோடுகளும் தோன்றும். பல்லின் எனாமல் உருவாகும் ஏறத்தாழ எட்டு வயது வரையில் இது நிகழ்கிறது. அக்கோடுகள் பல்லின் மேல் படிந்த அழுக்கல்ல; பல்லோடு பிறந்தவை. பல் துலக்காத பிள்ளை என்று ஏசப்பட்டு, வாயைக் கையால் மறைத்துச் சிரிக்கப் பழகிய சிறுவர் சிறுமியரின் பெற்றோர்கள் இதனைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே எங்கள் விருப்பம். பிள்ளைமீது தவறில்லை.

லிட்டருக்கு 3 முதல் 6 மில்லிகிராம் வரையுள்ள நீரைப் பல்லாண்டு குடித்தால் எலும்பின் அமைப்பே மாறக்கூடும். கழுத்து, முதுகு, இடுப்பு ஆகியவை இறுகும். எலும்புகளைப் பிணைக்கும் நார்களில் சுண்ணாம்பு படியும். 10 மில்லிகிராமுக்கு மேல் போனால் உடல் முடங்கும் நிலை உண்டாகலாம். சிலருக்குத் தண்டுவடமே நெருக்குண்டு கால்கள் வலுவிழக்கின்றன. தொடக்கத்தில் இது வாதம் போலவும் முதுமை போலவும் தோன்றுவதால், பல ஆண்டுகள் வலிமாத்திரைகளிலேயே கழிந்துவிடுகின்றன. முதுகுவலிக்கு வந்தவரின் முன்கையை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னால் வியப்படைய வேண்டாம்: முன்கையின் இரண்டு எலும்புகளுக்கு இடையிலுள்ள சவ்வில் சுண்ணாம்பு படிந்திருப்பது இந்நோயின் தெளிவான அடையாளங்களில் ஒன்று. ஊட்டக் குறைவு நோயை முற்றச் செய்கிறது. ஆந்திரப் பகுதியின் ஃப்ளூரைடு மிகுந்த ஊர்களில் இளம் வயதினரின் முழங்கால்கள் உட்புறமாக வளைந்திருப்பதை ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தினர் 1973-இல் எடுத்துக்கூறினர். கால்சியம் குறைந்த உணவு உண்போரை இவ்விளைவு கடுமையாகத் தாக்குகிறது. பாலும், கேழ்வரகும், கீரையும் மருந்தாகா, ஆனால் கேடயமாகும்.

எலும்பில் சேர்ந்ததைக் கரைத்து வெளியேற்றும் மாத்திரை எதுவும் இல்லை. அப்படியொன்று உண்டென்று விற்போரை நம்பிப் பணத்தை இழக்க வேண்டாம். தண்ணீரை மாற்றினால், எலும்பு தன்னிடமுள்ள ஃப்ளூரைடைப் பல ஆண்டுகளில் மெல்ல விடுவிக்கும். தண்டுவடம் நெருக்கப்பட்டவர்களுக்கு அறுவை மருத்துவம் உதவலாம். பற்கறையை மறைக்கப் பல் மருத்துவத்தில் வழிகள் உள்ளன.

தண்ணீரைக் காய்ச்சினால் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். கிருமிக்கு அது சரி. ஃப்ளூரைடோ ஆவியாகாது, நீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடும். மெழுகுவர்த்தி வடிகட்டியும் புற ஊதாக் கருவியும் அதனைத் தடுப்பதில்லை. எதிர் சவ்வூடுபரவல் முறையில் இயங்கும் ஆர்.ஓ. கருவி குறைக்கும். கிளர்வூட்டிய அலுமினாவும் குறைக்கும். ஆனால் குறித்த காலத்தில் புதுப்பிக்காவிட்டால் அது வெறும் கல். நாகபுரியிலுள்ள நீரி நிறுவனம் 1970-களில் படிகாரம், சுண்ணாம்பு, பிளீச்சிங் பவுடர் ஆகியவற்றைக் கொண்டு வகுத்த நல்கொண்டா முறை சிற்றூர்களுக்கென்றே உருவானது. கூரையில் விழும் மழைநீரைத் தூய்மையாகச் சேமித்து, குடிக்கவும் சமைக்கவும் மட்டும் பயன்படுத்துவது செலவு குறைந்த நல்ல வழி. மழைநீர் பாறையைத் தொட்டதில்லை. குளிக்கவும் துவைக்கவும் பழைய கிணறே போதும். தேயிலைச் செடி மண்ணிலிருந்து ஃப்ளூரைடை இழுத்துச் சேர்ப்பதால், அத்தகைய நீரில் கடுந்தேநீர் பலமுறை பருகுவோர் இரு வழியாகவும் அதனைப் பெறுகின்றனர்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் முழுப்பெயரில் ஃப்ளூரோசிஸ் தணிப்பு என்ற சொல்லும் இடம்பெற்றுள்ளது. சுமார் 1,928 கோடி ரூபாய்ச் செலவில் அமைந்த அத்திட்டம் 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டது. ஆற்றுநீர் பாறையோடு நெடுங்காலம் உறவாடாத நீர். வீட்டில் குழாய் இருந்தும், உப்புச் சுவைக்குப் பழகிவிட்டோம் என்று ஆழ்துளைக் கிணற்று நீரையே குடிக்கும் முதியோரை நாங்கள் இன்றும் சந்திக்கிறோம். அவர்களைவிட அவர்களுடைய பேரப்பிள்ளைகளை எண்ணியே கவலைப்படுகிறோம். வீட்டில் பானை ஒன்றுதானே.

அடுத்த முறை மூட்டுவலிக்காகவோ பிள்ளையின் பற்கறைக்காகவோ வருபவர்கள், தங்கள் குடிநீரை மாவட்டத்திலுள்ள குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் சோதித்து, முடிவுத் தாளைக் கொண்டுவந்தால் பேருதவியாக இருக்கும். நீரைத் தூய பிளாஸ்டிக் குப்பியில் எடுங்கள். எந்தக் கிணறு, எத்தனை அடி ஆழம், எந்த ஆண்டு முதல் குடிக்கிறீர்கள் என்று ஒரு தாளில் குறித்து வாருங்கள். வீட்டில் மாடு இருந்தால், அதற்கும் அதே தண்ணீர்தானா, அது எப்படி நடக்கிறது என்பதையும் எழுதுங்கள்.