வேகம் கூட்டிய கணினி நாளாந்தப் பாவனைக்கு ஏற்றதா?

2022ஆம் ஆண்டிலே டொலரொன்றின் விலை 200 ரூபாவிலிருந்து மூன்று மாத காலத்துக்குள் 350 ரூபாவுக்கு மேல் ஏறியதை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். அரிசி, மா, எரிபொருள் ஆகியவற்றோடு கணினியின் விலையும் ஏறிற்று. உள்ள கணினியையே இன்னும் சில ஆண்டுகளுக்கு இழுத்துக்கொண்டு போகவேண்டும் என்னும் எண்ணம், கண்டியிலும் பேராதனையிலும் கட்டுகஸ்தோட்டையிலும் பல வீடுகளில் அப்போது எழுந்தது. அதற்கு இளைஞர் கண்ட வழிகளுள் ஒன்று 'ஓவர்குளொக்' செய்தல் என்பது. "காசு செலவில்லாமல் வேகம் கிடைக்கும், அப்பா" என்கிறான் மகன். "பெட்டி எரிந்து போகாதோ?" என்று கேட்கிறார் தந்தை. இருவர் பேச்சிலும் ஓரளவு நியாயம் உண்டு. ஆயினும், கேட்கவேண்டிய கேள்வியை இருவருமே கேட்கவில்லை என்பது நமது எண்ணம்.

கணினியின் மூளை என்று சொல்லத்தக்க புரொசெசர், ஒரு தாளத்துக்குக் கட்டுப்பட்டு வேலை செய்வது. 4 கிகாஹேர்ட்ஸ் வேகம் என்றால், வினாடிக்கு 400 கோடி முறை அத்தாளம் விழுகின்றது என்பது பொருள். ஒரு தாளத்துக்கும் அடுத்த தாளத்துக்கும் இடையிலுள்ள நேரத்துக்குள் மின்குறிகள் சில்லின் உள்ளே தாம் போகவேண்டிய இடத்தை அடைந்துவிடல் வேண்டும். உற்பத்தியாளர் சில்லுகளைச் சோதித்து, அனுமதித்த வெப்ப எல்லைக்குள் எக்காலத்தும் தவறாது இயங்கத்தக்க வேகம் ஒன்றை விதிக்கின்றனர். அந்த விதித்த வேகத்துக்கும் சில்லின் உண்மையான எல்லைக்கும் நடுவே சிறிது இடம் விடப்பட்டிருக்கும். அந்த இடத்தை நாம் எடுத்து உபயோகிப்பதே ஓவர்குளொக்.

முன்னொரு காலத்தில் இந்த இடைவெளி மிகப் பெரிதாக இருந்தது. 1998ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 'செலரோன் 300ஏ' என்னும் மலிவான புரொசெசரின் விதித்த வேகம் 300 மெகாஹேர்ட்ஸ். தாய்ப்பலகையின் தாளத்தை 66இலிருந்து 100 மெகாஹேர்ட்ஸுக்கு உயர்த்தியபோது, அது 450 மெகாஹேர்ட்ஸில் ஓடிற்று. ஒன்றரை மடங்கு வேகம்! அந்தப் புகழ்தான் இன்றும் இளைஞர் மனத்தில் ஆசையை வளர்க்கின்றது. ஆனால் இக்காலத்துப் புரொசெசர்கள் வேலையின் அளவையும் வெப்பத்தையும் பார்த்துத் தமது வேகத்தைத் தாமே உயர்த்திக்கொள்வன. உற்பத்தியாளர் விட்டுவைத்த இடத்தின் பெரும்பகுதியை அவர்களே எடுத்துக்கொண்டு விட்டார்கள். நமக்கு எஞ்சியிருப்பது சட்டியின் அடியில் ஒட்டியது மாத்திரமே.

தந்தையின் அச்சத்தை முதலில் பார்ப்போம். புரொசெசர் அளவுக்கு மீறிச் சுடுமாயின், ஏறக்குறைய 90 முதல் 100 பாகை செல்சியஸ் அளவில் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் கணினி தானாக நின்றுவிடும். ஆகவே, வோல்ற்றளவைக் கண்மூடித்தனமாக உயர்த்தினாலன்றிப் பெட்டி எரிந்து போகும் என்று அஞ்சவேண்டியதில்லை. நின்றுபோகும் கணினி ஒரு வகையில் நேர்மையுள்ள கணினி. நில்லாமல், முறைப்பாடு எதுவும் செய்யாமல், தப்பான விடையைத் தரும் கணினியே அபாயமானது. மின்குறியொன்று மயிரிழை நேரம் பிந்தி வந்தால் 1 இருக்கவேண்டிய இடத்தில் 0 அமர்ந்துவிடும். அது ஒரு புகைப்படத்திற் புள்ளியாகவும் போகலாம்; கடைக்காரரின் ஐந்தொகையில் ஓர் இலக்கமாகவும் போகலாம்; பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியல் மாணவன் ஒருவன் இரண்டு நாளாக ஓடவிட்டிருக்கும் கணிப்பின் நடுவிலும் போகலாம். அவனுடைய ஆய்வேட்டிலே அந்தப் பிழை அச்சேறிய பின்பு அதனைக் கண்டுபிடிப்பவர் யார்?

இது வெறும் கற்பனையன்று. மைக்ரோசொஃப்ட் நிறுவனத்தில் பணியாற்றிய ரேமண்ட் சென் என்பவர் 2005இல் ஒரு விநோதத்தை எழுதினார். விண்டோஸ் முறிந்து விழுந்தபோது வந்து சேர்ந்த அறிக்கைகள் சிலவற்றை ஆராய்ந்தால், முறிந்த இடத்தில் இருந்த கட்டளை, புரொசெசரின் உள்ளேயுள்ள ஓர் இலக்கத்தைப் பூச்சியமாக்கும் மிக எளிய கட்டளை. அது தவறுவதற்கு வழியே இல்லை. விசாரித்தபோதுதான், வேகம் கூட்டிய கணினிகளே காரணம் என்று தெரியவந்தது. இதிலே நாம் கவனிக்கவேண்டியது மற்றொன்று. அந்தக் கணினிகளின் சொந்தக்காரர் சிலருக்கு ஓவர்குளொக் என்றால் என்னவென்றே தெரியாது. விற்ற கடைக்காரரே சொல்லாமல் வேகத்தைக் கூட்டி விற்றிருக்கிறார். பழைய கணினி வாங்குவோர் இதனை மனத்தில் இருத்துதல் நலம்.

2011இல் அதே நிறுவனத்தைச் சேர்ந்த நைட்டிங்கேல், டவுசர், ஓர்கோவன் ஆகிய மூவரும் ஏறக்குறைய பத்து இலட்சம் வீட்டுக் கணினிகளின் அறிக்கைகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். வேகம் கூட்டிய கணினிகள் புரொசெசர் பிழையால் முறியும் வாய்ப்பு, ஒரு நிறுவனத்தின் புரொசெசரில் நான்கு மடங்குக்கு மேலும், மற்றொரு நிறுவனத்தினதில் ஏறக்குறைய இருபது மடங்கும் மிகுந்திருந்ததாக அதிலே கண்டார்கள்.

உற்பத்தியாளரே எல்லையைத் தாண்டிய கதையும் உண்டு. 2000ஆம் ஆண்டு யூலை இறுதியில் இன்டெல் 1.13 கிகாஹேர்ட்ஸ் 'பென்டியம் 3' புரொசெசரை வெளியிட்டது. கணினிகளைச் சோதித்து எழுதிவந்த தோமஸ் பாப்ஸ்ற் முதலானோர், அது பல சோதனைகளில் நன்றாக ஓடினாலும், லினக்ஸின் கருநிரலைத் தொகுக்கும் வேலையைக் கொடுத்தபோது இடறி விழுவதைக் கண்டனர். ஒரு மாதத்துக்குள் அந்தப் புரொசெசர் சந்தையிலிருந்து திருப்பி அழைக்கப்பட்டது. ஒரு சோதனையில் தேறியது மற்றொரு சோதனையில் தேறும் என்று எண்ணலாகாது என்பதற்கு இதனிலும் நல்ல சான்று வேண்டுமா?

முதுமை என்று ஒன்றும் உண்டு. மிகுந்த வோல்ற்றளவும் வெப்பமும் சில்லின் உள்ளேயுள்ள திரான்சிஸ்டர்களை மெல்ல மெல்லத் தளர்த்துகின்றன. இன்டெலின் 13ஆம், 14ஆம் தலைமுறைப் புரொசெசர்களிற் சில, எவரும் ஓவர்குளொக் செய்யாமலே, அளவுக்கு மீறிய வோல்ற்றளவினால் உறுதி இழந்ததை 2024இல் அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது. திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டுகள் நீட்டிற்று. ஏற்கெனவே தளர்ந்தவற்றை அந்தத் திருத்தம் மீட்கவில்லை. அக்கணினிகளில் சில விளையாட்டுகள் 'காணொளி நினைவகம் போதாது' என்ற செய்தியைக் காட்டி நின்றனவாம். நோய் ஓரிடம், முறைப்பாடு வேறிடம்! இவ்வாண்டு உறுதியாக நின்ற வேகம் மூன்றாண்டின் பின்னும் நிற்கும் என்பதற்கு எவரும் பிணை நிற்க முடியாது.

கண்டியின் காற்றும் கணக்கும்

நமது ஊருக்கு வருவோம். கண்டி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில் இருப்பதால் கொழும்பின் புழுக்கம் இங்கில்லை. ஜனவரி இரவுகளில் வெப்பநிலை 18 பாகை வரை இறங்கும். இந்தக் குளிரை நம்பித்தான் பலர் ஏமாறுகின்றனர். ஹந்தானை மலையிலிருந்து குளிர்காற்று இறங்கும் மார்கழி இரவிலே சோதனை செய்து, 84 பாகைக்கு மேல் ஏறவில்லை என்று மகிழ்ந்து படுக்கப் போகிறான் இளைஞன். மார்ச், ஏப்ரல் மாதப் பிற்பகல்களில் அதே அறை 31, 32 பாகைக்கு ஏறும். அறையின் வெப்பம் ஒரு பாகை ஏறினால் சில்லின் வெப்பமும் ஏறக்குறைய ஒரு பாகை ஏறும். 84 என்பது அப்பொழுது 97 ஆகும். இதனோடு, தெருவோரத்து வீடுகளில் ஆறு மாதத்தில் விசிறியிற் படியும் தூசியையும் கூட்டிக்கொள்க. (பெட்டியின் உட்புறத்தைக் குடியிருக்க ஏற்ற இடமாகக் கருதும் பல்லிகளை நாம் கணக்கிற் சேர்க்கவில்லை.)

கடுகண்ணாவை ஏற்றத்தை அறியாத கண்டிவாசி இல்லை. மாவனல்லைச் சமதரையில் நன்றாக ஓடும் லொறியின் உண்மையான வலிமை அந்த ஏற்றத்திலேதான் தெரியும். கணினிக்கு அந்த ஏற்றம் சித்திரை மாதத்துப் பிற்பகல் இரண்டு மணி. கதவு, யன்னல் வழக்கம்போல் இருக்க, பெட்டியின் மூடி மூடியிருக்க, அந்த நேரத்திலே சோதித்தல் வேண்டும். அவ்வேளையில் வெப்பம் 85 பாகையளவில் நின்றால் நமக்குத் திருப்தி. 95ஐத் தொட்டால் அந்த வேகம் இவ்வூருக்கு ஏற்றதன்று.

இவ்வளவு தொல்லைக்கு ஊதியம் எவ்வளவு? புரொசெசர் உண்டாக்கும் வெப்பம் வேகத்துக்கு ஏற்பவும், வோல்ற்றளவின் வர்க்கத்துக்கு ஏற்பவும் கூடும். வேகத்தைப் பத்து வீதம் உயர்த்த, வோல்ற்றளவையும் பத்து வீதம் உயர்த்தினோம் என்று வைத்துக்கொள்வோம். 1.1ஐ மும்முறை பெருக்கினால் 1.331. அதாவது, பத்து வீத வேகத்துக்கு முப்பத்துமூன்று வீத வெப்பம். வேலையோ, முழுவதும் புரொசெசரையே நம்பிய வேலையாயினும், ஒரு மணித்தியாலத்தில் ஐந்தரை நிமிடமே மிஞ்சும். பழைய சுழலும் வன்தட்டை நீக்கித் திண்மநிலைத் தட்டொன்று பூட்டினால், கணினி எழும்பும் நேரத்திலேயே இதைவிடப் பெரிய வேறுபாட்டை வீட்டார் அனைவரும் காண்பர். நம்மைக் கேட்டால், கையிலுள்ள காசை முதலில் அதற்கே செலவிடச் சொல்வோம்.

மின்சாரத்தைப் பற்றியும் ஒரு சொல். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்திலே குரங்கொன்று செய்த சேட்டையால் இலங்கை முழுவதும் இருண்டது. குரங்குகளுக்குக் குறைவில்லாத கண்டியிலே இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை நம்மவர்க்குப் பழக்கமானது. வேகம் கூட்டிய புரொசெசர் அதிக மின்னோட்டத்தை இழுக்கின்றது. பெயர் தெரியாத மலிவான மின்வழங்கிப் பெட்டி, வெளி மின்சாரம் சற்றுத் தளரும் வேளையில் அதற்கு ஈடுகொடுக்கமாட்டாது. நல்ல மின்வழங்கியும் யூ.பி.எஸ்ஸும் இல்லாத வீட்டில் ஓவர்குளொக் பற்றிய பேச்சையே எடுக்கலாகாது. மடிக்கணினிக்கும் அஃதே.

சோதிக்கும் முறை

சோதனையைத் தொடங்குமுன் படங்கள், பாடக் குறிப்புகள், கணக்குகள் யாவற்றையும் வேறொரு தட்டிற் பிரதிசெய்து, அத்தட்டைக் கழற்றி வைத்துவிடுக. சோதனையிலே கெடுவது புரொசெசரைவிடப் பெரும்பாலும் கோப்புகளே.

இத்துறையினர் நெடுங்காலமாக நம்பும் கருவி 'பிரைம்95' என்பது. ஜோர்ஜ் வோல்ற்மன் 1996இல் தொடங்கிய, மிகப் பெரிய பகா எண்களைத் தேடும் கூட்டு முயற்சிக்காக எழுதப்பட்டது அது. 2024 ஒக்டோபரில் அம்முயற்சி கண்டறிந்த எண்ணுக்கு 4 கோடியே 10 இலட்சத்துக்கு மேற்பட்ட இலக்கங்கள் உண்டு. அத்தகைய கணிப்பில் ஓரிடம் பிழைத்தாலும் பல நாள் உழைப்பு வீண். ஆகவே அந்நிரல், விடை முன்பே தெரிந்த கணக்குகளைப் புரொசெசருக்குக் கொடுத்து, வந்த விடையை ஒப்பிட்டுப் பார்க்கும் வழியையும் உடன்கொண்டுள்ளது. நமக்கு வேண்டியது அதுவே: கணினி ஓடுகிறதா என்பதன்று, சரியாகக் கணக்கிடுகிறதா என்பது. ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்த வேகம் தேறவில்லை. 'ஒன்றுதானே' என்ற சமாதானம் இங்கே செல்லாது.

பிரைம்95இல் இரவு முழுவதும் தேறிய கணினி, மறுநாட் காலையில் கடிதமொன்று எழுதும்போது உறைந்து நிற்பதும் உண்டு. பாரம் குறைந்த வேளையில் புரொசெசர் தன் உச்ச வேகத்துக்குத் தாவுவதும், வோல்ற்றளவு ஏறி இறங்குவதும் காரணம். ஆகவே ஒரு வாரம் அன்றாட வேலைகளிலும் ஓடவிட்டுப் பார்த்தல் வேண்டும். அவ்வாரத்தில் விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டைத் திறந்து, வன்பொருட் பிழைகள் எவையேனும் பதிவாகியுள்ளனவா என்று பார்க்க. கணினி தானே திருத்திக்கொண்ட பிழைகளும் அதிலே தெரியும். நினைவகத்தை 'மெம்ரெஸ்ற்86' கொண்டு தனியாகச் சோதிக்க வேண்டும். 'எக்ஸ்.எம்.பி.' என்னும் அமைப்பை முடுக்கி வைத்திருப்போர், தாமும் நினைவகத்தை ஓவர்குளொக் செய்தவர்களே என்பதை அறிவாராக. பெரும்பாலோர் அறியார்.

இவையாவும் தேறினால், தேறிய உச்ச வேகத்திலிருந்து 100 அல்லது 200 மெகாஹேர்ட்ஸ் பின்வாங்கி நிற்க. விளையாட்டுக்கும் படம் பார்ப்பதற்கும் உபயோகமாகும் கணினியாயின், அந்நிலையிலே நாளாந்தம் வைத்திருப்பதில் நமக்கு மறுப்பில்லை. ஆய்வேடு, கடைக் கணக்கு, பிறர் பணம், பிறர் மருந்து சம்பந்தப்பட்ட எதுவாயினும், உற்பத்தியாளர் விதித்த வேகமே போதும். வீட்டில் இருப்பது ஒரே கணினி, அதில் எல்லோரும் எல்லா வேலையும் செய்கிறார்கள் என்றால், அதனை இரண்டாவது வகையிற் சேர்ப்பதே சரி.

சோதனைக்கு உகந்த காலம் சித்திரைப் புத்தாண்டு விடுமுறை. வெயிலும் இருக்கும், பிள்ளைகளும் வீட்டில் இருப்பர். விசிறியைத் துடைத்து நன்றாக்கியல்ல, வழக்கமான தூசியோடே சோதிக்க. மூன்றாம் மணித்தியாலத்திற் பிழையொன்று காட்டினால் 100 மெகாஹேர்ட்ஸ் குறைத்து, மீண்டும் முதல் மணித்தியாலத்திலிருந்தே தொடங்குக.