இருபடிச் சார்பும் உயிரினக் குடித்தொகையும்

மாணவர்களே,

இருபடிச் சார்பின் வரைபு நீங்கள் நன்கு அறிந்த பகுதியாகும். பெறுமான அட்டவணையைப் பூர்த்தி செய்தல், பரவளைவை வரைதல், சமச்சீர் அச்சின் சமன்பாட்டை எழுதுதல், உயர்வுப் பெறுமானத்தைக் காணுதல் என்பவற்றைப் பல தடவை செய்திருப்பீர்கள். "பரீட்சை முடிந்தபின் இதனால் என்ன பயன்?" என்று கேட்பவர்களும் உங்களுள் உளர். உயிரினங்களின் தொகை ஏன் கூடிக் குறைகிறது என்ற வினாவுக்கு 1970களில் புதிய விளக்கம் தந்தது இதே பரவளைவுதான். அது எவ்வாறு என்பதை இங்கு நோக்குவோம்.

1. சமன்பாடு அமைந்த விதம்

ஓரிடத்தில் வாழும் ஓரினத்து உயிர்களின் தொகை குடித்தொகை எனப்படும். உணவும் இடமும் வரையறைப்பட்டவை. ஆகவே குடித்தொகை எல்லையின்றி வளர முடியாது. இக்கருத்தை 1838இல் பெல்ஜிய நாட்டுக் கணிதவியலாளர் வெர்ஹுல்ஸ்ட் சமன்பாடாக எழுதினார். நாம் அதன் எளிய, ஆண்டுக்கு ஆண்டு கணிக்கும் வடிவத்தை எடுத்துக்கொள்வோம்.

ஒரு பருவம் மட்டும் வாழ்ந்து, முட்டையிட்டு இறந்துவிடும் பூச்சியினம் ஒன்றைக் கருதுக. அவ்விடம் தாங்கக்கூடிய உச்ச எண்ணிக்கை 1000 எனின், அதனை 1 எனக் கொள்வோம். 300 பூச்சிகள் இருப்பின் பெறுமானம் 0.3 ஆகும். இவ்வாண்டுப் பெறுமானம் ப, அடுத்த ஆண்டுப் பெறுமானம் ய எனின்,

ய = க × ப × (1 − ப)

இங்கு க என்பது பெருக்க வேகத்தைக் காட்டும் மாறிலி. (1 − ப) என்பது எஞ்சியுள்ள இடத்தைக் குறிக்கும். பூச்சிகள் சிலவாக இருக்கும்போது (1 − ப) ஏறத்தாழ 1 ஆகும். எனவே தொகை ஏறத்தாழ க மடங்காகப் பெருகும். இடம் நிரம்பி ப 1ஐ நெருங்கும்போது (1 − ப) பூச்சியத்தை நெருங்கும். எனவே அடுத்த ஆண்டுத் தொகை வீழ்ச்சியடையும்.

2. வரைபின் இயல்புகள்

அடைப்பை நீக்கினால் ய = கப − கப² எனப் பெறுவோம். இருபடி உறுப்பின் குணகம் மறை. எனவே பரவளைவு உயர்வுப் பெறுமானம் உடையது. அது கிடை அச்சை 0, 1 ஆகியவற்றில் வெட்டும். சமச்சீர் அச்சு ப = ½. உயர்வுப் பெறுமானம் க/4. ஆகவே க 4ஐ விஞ்சினால் விடை 1ஐயும் விஞ்சக்கூடும். அதனால் க 4க்கு மேற்படாதவாறு கொள்வோம்.

3. மூன்று விதமான போக்குகள்

கிடைத்த விடையை மீண்டும் பயின் இடத்தில் பிரதியிட்டால் அதற்கடுத்த ஆண்டின் பெறுமானம் கிடைக்கும். இவ்வாறு தொடர்ந்து செய்க.

(அ) க = 2, தொடக்கம் 0.1 எனின்: 0.180, 0.295, 0.416, 0.486, 0.500. அதன்பின் 0.5 இலேயே நிற்கும். இது உறுதிநிலை. க 1க்கும் 3க்கும் இடைப்பட்டதாயின் குடித்தொகை இவ்வாறு ஒரே பெறுமானத்தை அடையும்.

(ஆ) க = 3.2 எனின், சில ஆண்டுகளின் பின் 0.513, 0.799, 0.513, 0.799 என ஓராண்டு குறைந்தும் மறுவாண்டு கூடியும் மாறி மாறி வரும். க ஏறத்தாழ 3.45ஐத் தாண்டியதும் நான்கு பெறுமானங்கள் மாறி மாறி வரும். பின்னர் எட்டு, பதினாறு என இரட்டித்துச் செல்லும்.

(இ) க ஏறத்தாழ 3.57ஐத் தாண்டியபின் பெரும்பாலும் ஒழுங்கே தென்படாது. க = 4 எனக் கொண்டு, 300 பூச்சிகளுடனும் 301 பூச்சிகளுடனும் தனித்தனியே தொடங்கிப் பாருங்கள்.

0.300: 0.840, 0.538, 0.994, 0.022, 0.088, 0.321, 0.872, 0.448
0.301: 0.842, 0.533, 0.996, 0.018, 0.069, 0.258, 0.765, 0.719

தொடக்கத்தில் இருந்த வேறுபாடு ஒரேயொரு பூச்சி. எட்டாம் ஆண்டில் ஒன்று 448, மற்றது 719. சமன்பாட்டில் தற்செயல் எதுவும் இல்லை. ஆயினும் நீண்ட கால எதிர்வுகூறல் இயலாததாகிவிடுகிறது. இந்நிலையைக் கணிதத்தில் ஒழுங்கின்மை என்பர்.

4. றொபேட் மே அவர்களின் ஆய்வு

இதனை உயிரியலாளரின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் அவுஸ்திரேலியாவிற் பிறந்த றொபேட் மே (1936 – 2020). பௌதிகம் கற்று, பின்னர் சூழலியலுக்கு வந்தவர். கூடுதலான இனங்களும் தொடர்புகளும் கொண்ட சூழற்றொகுதியே உறுதியானது என்ற கருத்து அக்காலத்தில் பரவலாக நிலவியது. எழுந்தமானமாக அமைந்த தொடர்புகளைக் கொண்ட தொகுதிகளுக்கு அது பொருந்தாது என 1972இல் அவர் கணிதமுறையாகக் காட்டினார். 1976இல் 'நேச்சர்' சஞ்சிகையில் மேற்கூறிய சமன்பாட்டை விரிவாக ஆராய்ந்தார். கணிகருவி கொண்டோ கையாலோ செய்து பார்க்கக்கூடிய இச்சமன்பாட்டை மாணவர்க்கு இளமையிலேயே அறிமுகஞ் செய்ய வேண்டும் என்றும் அக்கட்டுரையில் வலியுறுத்தினார். நீங்கள் மேலே கண்ட கணிப்பு அதுவேயாகும்.

இதன் பயன் யாது? பூச்சிகள் ஓராண்டு பெருகி மறுவாண்டு அருகினால், மழையோ நோயோதான் காரணம் என்று உடனே முடிவு செய்துவிடலாகாது. இனப்பெருக்க வேகமே அவ்வேற்றத்தாழ்வைத் தோற்றுவிக்கலாம். 1997இல் ஆய்வுகூடத்தில் வளர்த்த மா வண்டுகளிலும், வேறு சமன்பாடுகள் முன்கூட்டிக் காட்டியபடியே, இத்தகைய ஒழுங்கற்ற போக்கு அவதானிக்கப்பட்டது.

5. தூய கணிதமும் பிரயோக கணிதமும்

1964இல் கியேவ் நகரில் சார்க்கொவ்ஸ்கி என்னும் கணிதவியலாளர், தொடர்ச்சியான சார்பொன்றில் எந்தெந்தச் சுழற்சிகள் ஒருங்கே அமையும் என்பது பற்றிய தேற்றத்தை நிறுவினார். மூன்று பெறுமானச் சுழற்சி ஒன்று இருப்பின் ஏனைய எல்லா நீளச் சுழற்சிகளும் இருக்கும் என்பது அதன் ஒரு முடிவு. அவர் பூச்சிகளை எண்ணவில்லை. சார்புகளை மட்டுமே ஆராய்ந்தார். எனினும் அத்தேற்றம் குடித்தொகைச் சமன்பாட்டுக்கும் அப்படியே பொருந்துகிறது. பயன் கருதாது கண்ட உண்மை பின்னர் பயன் தருவது கணிதத்தில் புதுமையன்று.

நினைவிற் கொள்க

• எளிய சமன்பாட்டின் போக்கு எப்போதும் எளியதாக இருக்க வேண்டியதில்லை.
• உறுதிநிலை, சுழற்சி, ஒழுங்கின்மை ஆகிய மூன்றையும் தீர்மானிப்பது கயின் பெறுமானமே.
• விதி திட்டமானதாயினும் எதிர்வுகூறல் இயலாது போகலாம்.

பயிற்சி

1. க = 3 ஆயின் பரவளைவின் உயர்வுப் பெறுமானம் யாது?
2. க = 2.5 ஆயின், ஆண்டுதோறும் மாறாதிருக்கும் பெறுமானத்தைக் காண்க. (குறிப்பு: ய = ப எனக் கொள்க. பூச்சியமல்லாத மூலத்தை எடுக்க.)
3. க = 4, தொடக்கம் 0.75 எனின் அடுத்த ஆண்டுப் பெறுமானம் யாது? அதிலிருந்து நீங்கள் அறிவது என்ன?

விடைகள்: (1) 0.75 (2) 0.6 (3) 0.75, பெறுமானம் மாறவில்லை. ஆனால் 0.751 இல் தொடங்கிப் பத்துப் படிகள் செய்து பாருங்கள். ஒழுங்கின்மை யாதென்பதை உங்கள் கொப்பியிலேயே காண்பீர்கள்.