ஷீட் கூரைக்கு கூல் பெயின்ட் அடிக்கப் போறீங்களா? ஒரு நிமிஷம்!

வெயில் ஏறினால் போதும், ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட வீடுகளில் கூல் பெயின்ட் வேலை ஆரம்பித்துவிடும். பெயின்ட்டில் சிக்கல் இல்லை. அதற்கு முன்னால் கம்பி பிரஷ்ஷால் பாசியைத் தேய்க்கிறோமே, அங்கேதான் ஆபத்து.

இந்த ஷீட்டில் பெரும்பகுதி சிமென்ட். கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு ஆஸ்பெஸ்டாஸ் நார். ஷீட் முழுசாக இருக்கும்வரை நார் சிமென்ட்டுக்குள் கட்டுண்டு கிடக்கும். தேய்த்தால், அறுத்தால், துளை போட்டால் கண்ணுக்குத் தெரியாத தூசியாகப் பறந்து நுரையீரலில் தங்கிவிடும். அது புற்றுநோயாக வெளிப்பட 20 முதல் 40 ஆண்டுகள்கூட ஆகலாம். 'இத்தனை வருஷமா ஷீட் அறுக்கிறேன், எனக்கு என்ன ஆச்சு?' என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வது அதனால்தான் கஷ்டம்.

பல நாடுகள் ஆஸ்பெஸ்டாஸைத் தடை செய்துவிட்டன. இந்தியாவில் வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இன்னும் விற்பனையில் இருக்கிறது.

தொட்டே ஆக வேண்டுமென்றால், முதலில் நனையுங்கள். மெல்லிய தெளிப்பு போதும். பிரஷர் வாஷர் வேண்டாம். பாசியை ஈரத்துணியால் மெதுவாகத் துடையுங்கள். கட்டிங் மெஷின் பக்கமே போகாதீர்கள். பழைய ஷீட்டை உடைக்காமல், போல்ட்டைக் கழற்றி முழுசாக இறக்குங்கள். கர்ச்சீப்பும் துணி மாஸ்க்கும் இந்தத் தூசியைத் தடுக்காது. பி3 ஃபில்டர் உள்ள மாஸ்க் வேண்டும்.

வேலை செய்த சட்டையை வீட்டுக்குள் உதறாதீர்கள். அப்படிப்பட்ட சட்டையைத் துவைத்தே நோய் வாங்கிய மனைவிமார் வெளிநாடுகளில் உண்டு.

உடைந்த துண்டுகளைத் தெருப் பள்ளத்தில் கொட்டுவது நம்மூர் வழக்கம். வண்டி ஏற ஏற அது தூளாகும். நனைத்து, கனமான பிளாஸ்டிக்கில் சுற்றிக் கட்டி, குப்பை எடுக்க வருபவரிடம் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிக் கொடுங்கள்.