நெடுந்தூர ஓட்டமும் கெண்டைக்கால் பிடிப்பும்

நெடுந்தூரம் ஓடும்போதோ ஓடி முடித்த பின்னரோ கெண்டைக்கால் தசை தானாகச் சுருங்கி, தளராமல் கட்டியாக நின்று வலிப்பது தசைப்பிடிப்பு அல்லது குரக்குவலி எனப்படும். 2013 முதல் நடைபெறும் கோயம்புத்தூர் மாரத்தானில் உள்ள 21.1 கிலோமீட்டர் அரை மாரத்தான் போன்ற ஓட்டங்களில் இது பொதுவான தொல்லையாகும்.

காரணம்
உப்புக் குறைவே காரணம் என நெடுங்காலம் கருதப்பட்டது. களைத்த தசைக்கு நரம்புத் தூண்டல் மிகுவதே முதன்மைக் காரணம் என்று 1997இல் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் விளக்கினர். பயிற்சியை மீறிய வேகத்தில் ஓடுவோருக்குப் பிடிப்பு வருவதும், தசையை நீட்டினால் அது தளர்வதும் இவ்விளக்கத்துடன் பொருந்துகின்றன.

முதலுதவி
ஓட்டத்தை நிறுத்தி உட்கார வேண்டும். முழங்காலை மடக்காமல், பாதத்தின் முன்பகுதியை உடலை நோக்கி மெதுவாக இழுத்து, பிடிப்பு விடும்வரை வைத்திருக்க வேண்டும். வெடுக்கென்று இழுக்கக் கூடாது. பின்னர் மெல்ல நடக்கலாம்.

தடுப்பு
ஓடும் தூரத்தைப் பல வாரங்களில் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். தொடக்கத்திலேயே விரைந்து ஓடக் கூடாது. தாகத்திற்கேற்ப நீர் பருகினால் போதும். வெறும் நீரை அளவின்றிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

எச்சரிக்கை
ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் நீடித்தாலோ, சிறுநீர் கரும்பழுப்பாக மாறினாலோ அது சாதாரணப் பிடிப்பு அன்று. உடனே மருத்துவரை அணுக வேண்டும்.