தலைக்கு ஓர் எண் – 9: பூனைக்கும் பங்கு உண்டு

இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷின் எச்-இன்டெக்ஸ் வரை வந்திருந்தோம். ஒருவருடைய கட்டுரைகளில் இருபது, ஒவ்வொன்றும் குறைந்தது இருபது முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருடைய எண் 20. மறந்தவர்கள் போன இதழைத் தேடி எடுத்துக்கொள்ளவும்.

இந்த வாரம் ஹிர்ஷின் மீகடத்தல் சண்டையைச் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தேன். எழுத உட்காரும் நேரத்தில் ஒரு பூனை குறுக்கே போய்விட்டது. சகுனத்தடை இல்லை, மீகடத்தலைப் போல இதுவும் செறிபொருள் இயற்பியல்தான்.

1975. மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஜாக் ஹெதரிங்டன், திட ஹீலியம்-3 பற்றி ஒரு கட்டுரையை முடித்திருந்தார். கடுங்குளிரில் அழுத்திக் கெட்டியாக்கிய பிறகும் ஹீலியம்-3 அணுக்கள் சும்மா இருக்காது. ஒன்றோடொன்று இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். இரண்டு இரண்டாக மாறுவதோடு, மூன்று நான்காகச் சேர்ந்தும் சுற்றுவதைக் கணக்கில் சேர்த்தால் என்ன ஆகும் என்பதே அவர் ஆராய்ந்தது. அனுப்புவதற்கு முன் ஒரு சகாவிடம் காட்டினார். படித்தவர், "கட்டுரை நன்றாக இருக்கிறது, ஆனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்" என்றார். பக்கத்துக்குப் பக்கம் 'நாங்கள்' என்று எழுதியிருக்கிறதே, ஆசிரியர் ஒருவர்தானே? பிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ் அதை ஏற்காதாம்.

கம்ப்யூட்டரில் ஒரு தட்டில் மாற்றிவிடும் காலம் அல்ல அது. சமன்பாடுகளோடு முழுவதையும் மறுபடி டைப் அடிக்க வேண்டும். அதைவிட இன்னொரு ஆசிரியரைச் சேர்ப்பது சுலபம். வீட்டில் செஸ்டர் என்றொரு சயாமியப் பூனை இருந்தது. அப்பா பூனையின் பெயர் வில்லர்ட். வீட்டுப் பூனையின் லத்தீன் பெயரிலிருந்து எஃப், டி, செஸ்டரிலிருந்து சி, குடும்பப் பெயராக அப்பாவின் பெயர். எஃப்.டி.சி. வில்லர்ட் தயார். கட்டுரை நவம்பர் மாதம் இருவர் பெயரிலும் அச்சாகிவிட்டது. நண்பர்களுக்குக் கொடுத்த சில பிரதிகளில் இரண்டு ஆசிரியர்களும் கையெழுத்திட்டார்கள். இரண்டாமவர் பாதத்தை மையில் ஒற்றி.

விஷயம் தெரிந்ததும் துறைத் தலைவர் கோபப்படவில்லை. வில்லர்டை வருகைதரு பேராசிரியராக அழைக்க முடிந்தால் எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கும் என்று கடிதம் எழுதினார். 1980-ல் லா ரெஷெர்ஷ் என்ற பிரெஞ்சு அறிவியல் இதழில், ஹீலியம்-3 பற்றியே, வில்லர்ட் தனியாகவும் ஒரு கட்டுரை வெளியிட்டார். (நம் ஊரில் முனைவர் பட்டம் முடிக்கத் தவிப்பவர்கள் இந்தப் பத்தியை மட்டும் தாண்டிப் படிக்கலாம்.)

இப்போது கணக்குக்கு வருவோம். கட்டுரைகள் இரண்டே இரண்டு. முதல் கட்டுரையை ஆயிரம் பேர் மேற்கோள் காட்டினாலும் வில்லர்டின் எச்-இன்டெக்ஸ் 2-ஐத் தாண்டாது. இரண்டே கட்டுரை எழுதி உலகைப் புரட்டிப்போட்ட மேதை ஒருவர் இருந்தாலும் அவருக்கும் இதே 2தான். பூனையையும் மேதையையும் ஒரே வரிசையில் நிறுத்துகிற எண்ணை வைத்துத்தான் நேர்காணலில், "உங்க எச்-இன்டெக்ஸ் என்ன?" என்று கேட்கிறார்கள்.

கேட்கச் சொல்லிக்கொடுத்ததில் ஹிர்ஷுக்கும் பங்கு உண்டு. பெரிய ஆய்வுப் பல்கலைக்கழகங்களில் இணைப் பேராசிரியராக உயர 12, பேராசிரியராக 18, அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தில் இடம் பெற 45 என்று உத்தேசமாகத் தன் 2005 கட்டுரையில் அவரே எழுதினார். இயற்பியலாளர்களின் பட்டியலும் போட்டார்: எட்வர்ட் விட்டன் 110, பி.டபிள்யூ. ஆண்டர்சன் 91. (அந்த ஆண்டர்சனோடு 1987-ல் உயர் வெப்பநிலை மீகடத்தல் பற்றி எழுதிய நம் ஜி. பாஸ்கரனுக்குத் தனியாக ஒரு வாரம் வேண்டும்.)

ஹிர்ஷின் சொந்த எண் எதனால் உயர்ந்தது? ஹப்பர்ட் மாதிரியைக் கணினியில் ஓட்டிப் பார்த்த எண்பதுகளின் கட்டுரைகள், 1999-ல் ஸ்பின் ஹால் விளைவு பற்றி எழுதியது போன்றவற்றால். ஆனால் 1989 முதல் அவர் உயிரைக் கொடுத்துச் செய்துவரும் வேலை வேறு. எலெக்ட்ரான்கள் படிகத்தின் அதிர்வால் ஜோடி சேர்ந்து மின்தடையில்லாமல் ஓடுகின்றன என்பது மீகடத்தலுக்குப் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் மூவரும் 1957-ல் தந்த விளக்கம். 1972-ல் நோபல் வாங்கியது. அது அடியோடு தப்பு, ஓடுபவை எலெக்ட்ரான் இல்லாத வெற்றிடங்களான துளைகள் என்கிறார் ஹிர்ஷ். இதைச் சொன்ன அவருடைய கட்டுரைகளைப் பெரிய இதழ்கள் திருப்பி அனுப்பின. சிறிய இதழ்களில் போட்டார். இதழின் பெயரைப் பார்த்து ஆளை எடைபோடுவது அவருக்குப் பிடிக்காமல் போனது அந்த அனுபவத்தில்தான். எச்-இன்டெக்ஸ் பிறந்ததில் அந்தக் கசப்புக்கும் இடம் உண்டு. 2020-ல் அதே எண்ணால் விளையும் கெடுதல்களையும் அவரே எழுதினார்.

சண்டையின் நடுவில் இடம் தீர்ந்துவிட்டது. அறை வெப்பநிலையிலேயே மீகடத்தல் என்று அதே 2020-ல் நேச்சரில் வந்த கட்டுரையின் தரவுகளை ஹிர்ஷ் துருவத் தொடங்கியதும், 2022-ல் இதழ் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டதும் அடுத்த வாரம். பூனை கிடையாது.

(தொடரும்)