கடலுக்கு நாடி பிடிக்கிறார்கள், சத்தம் போடாதீர்கள்!

மாமல்லபுரம் கடற்கரைக் கோயில், ஞாயிறு மாலை. பாசிமணி விற்பவர், மாங்காய்க் கீற்றில் மிளகாய்த்தூள் தூவுபவர், “இன்னும் கொஞ்சம் தள்ளி நில்லும்மா” என்று செல்போனை நீட்டும் அப்பா. கோயிலைப் பார்த்தபடி எல்லோரும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அட, திரும்புங்களேன்! உங்கள் முதுகுக்குப் பின்னால் ஒருத்திக்கு நாடி பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவள் பெயர் வங்காள விரிகுடா.

நாடி பார்க்கும் வைத்தியர் உடம்புக்குள் கையை விடுவதில்லை. மணிக்கட்டில் மூன்று விரலை வைப்பார், வயிற்றுக் கோளாறைச் சொல்லிவிடுவார். கடல் விஷயத்திலும் அதே சங்கதிதான். தோலைத் தொட்டே உள்ளே நடப்பதைச் சொல்ல வேண்டும். இங்கேயும் மூன்று விரல்கள். வாருங்கள், ஒவ்வொன்றாக எட்டிப் பார்ப்போம்.

முதல் விரல்: பக்கத்து ஊரிலேயே!

கல்பாக்கம் என்றதும் அணுமின் நிலையம்தான் நினைவுக்கு வரும். அதே கரையில் சத்தமில்லாமல் ஒரு ரேடாரும் வேலை பார்க்கிறது. பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம், 2004 சுனாமிக்குப் பிந்தைய ஆண்டுகளில் நாட்டின் கரையோரங்களில் ஜோடி ஜோடியாக நிறுவிய 10 ரேடார்களில் இது ஒன்று. இதன் ஜோடி, சுமார் 100 கி.மீ. தெற்கே, கடலூரில்.

பெரிய கிண்ண ஆன்டெனாவைத் தேடிப் போனால் ஏமாந்துபோவீர்கள். பார்வைக்கு வெறும் கம்பம். ஆனால் 200 கி.மீ. தூரம் வரை கடலைத் தடவிப் பார்க்கும் கம்பம்! அது அனுப்பும் ரேடியோ அலையின் நீளம் சுமார் 68 மீட்டர். அதில் சரிபாதி, அதாவது 34 மீட்டர் நீளமுள்ள கடல் அலைகளில் பட்டுத் திரும்பும் எதிரொலிகள் மட்டும், கோலாட்டக் குச்சிகள் மாதிரி ஒரே தாளத்தில் சேர்ந்து ஓங்கி ஒலிக்கும். மற்றவை கலைந்துபோகும்.

இப்போதுதான் வேடிக்கை. 34 மீட்டர் அலை, ஆழ்கடலில் விநாடிக்கு 7 மீட்டருக்குச் சற்று அதிகமான வேகத்தில் ஓடும். இது பாடப்புத்தகக் கணக்கு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் எதிரே வரும் ஆம்புலன்ஸின் சைரன், நம்மைத் தாண்டியதும் சுருதி இறங்குகிறதல்லவா? அந்தச் சுருதி மாற்றத்தை வைத்து அலையின் நிஜ வேகத்தை ரேடார் பிடித்துவிடும். கணக்கைவிட எவ்வளவு கூடுகிறதோ, குறைகிறதோ, அந்த மிச்சம்தான் நீரோட்டம்!

தனி ரேடாருக்கு நீர் கிட்டே வருகிறதா, விலகிப் போகிறதா என்பது மட்டும்தான் தெரியும். எந்தத் திசை என்று தீர்ப்புச் சொல்ல இரண்டாவது சாட்சி வேண்டும். அதற்குத்தான் கடலூர். கோடையில் வடக்கே ஓடும் கரையோர நீரோட்டம், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அப்படியே திரும்பித் தெற்கே ஓடுவதை இந்த ஜோடி மணிக்கு மணி படமாக வரைகிறது.

இரண்டாம் விரல்: மேகத்துக்கு மேலே

ஓர் அகலமான தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி மெல்ல ஊதுங்கள். சுருக்கம் விழும். ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டு மறுபடி ஊதுங்கள். எண்ணெய் பரவிய இடத்தில் சுருக்கம் அடங்கிவிடும். அவ்வளவுதான், மைக்ரோவேவ் தொலையுணர்வில் பாதிப் பாடம் முடிந்தது!

சமையலறையில் சாம்பாரைச் சூடாக்கும் அதே மைக்ரோவேவ் இனம்தான், 700 கி.மீ.க்கு மேலே பறக்கும் ஓஷன்சாட் செயற்கைக்கோளிலிருந்து இறங்கி வந்து, ஒன்றரை செ.மீ. சிற்றலைகளில் மோதித் திரும்புகிறது. காற்று கூடினால் சுருக்கம் கூடும், எதிரொலியும் கூடும். ஆக, காற்றைத் தொடாமலே காற்றின் வேகமும் திசையும் கையில்! ரேடார் படத்தில் எண்ணெய்க் கசிவு கறுப்பாகத் தெரிவதும் இதனால்தான். வழுவழுப்பான இடத்தில் பட்ட அலை வேறெங்கோ வழுக்கிப் போய்விடுகிறது.

2022 நவம்பர் 26-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஓஷன்சாட்-3 கிளம்பியது. இரண்டே வாரத்தில், டிசம்பர் 9 நள்ளிரவையொட்டி, ‘மாண்டஸ்’ புயல் இதே மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. புயல் மேகம் மூடினால் கேமராவுக்குக் கண் அவிந்துவிடும். மைக்ரோவேவ் மேகத்தைத் துளைத்துக்கொண்டு போகும்.

மூன்றாம் விரல்: நிறம்

1999 மே 26-ல் ஏவப்பட்ட முதல் ஓஷன்சாட்டிலேயே மைக்ரோவேவ் கருவியோடு நிறம் பார்க்கும் கேமராவும் போனது. இந்தக் கேமராவுக்கு ஒரு நளினம் உண்டு. உச்சி வெயில் கடலில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தால், முகத்தை 20 டிகிரி திருப்பிக்கொள்ளும்!

அது பார்க்கும் ஒளியில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் கடலிலிருந்து வருவது. மீதியெல்லாம் காற்றுமண்டலம் சிதறடித்தது. அதைக் கழித்தால் மிஞ்சுவது நுண்பாசியின் பச்சை. சரியாகத்தான் கழித்தோமா என்று பார்க்க, படகில் போய் நீர் மொண்டு வந்து, மெல்லிய வடிதாளில் வடிகட்டி, அந்தத் தாளை அசிட்டோனில் ஓர் இரவு இருட்டில் ஊறவைத்து, இறங்கிய பச்சையை அளக்கிறார்கள். விண்வெளி விஞ்ஞானத்துக்குக் கடைசியில் வடிகட்டிதான் சாட்சி!

பச்சை எங்கே, குளிர்நீர் எங்கே என்று பார்த்து, மீன் கூடும் இடத்தை ஹைதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனம் மீனவர்களுக்குச் சொல்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை இந்தக் கிழக்குக் கரைக்கு அறிவிப்பு கிடையாது. வானம் தெளிந்து கேமராவுக்குக் கொண்டாட்டமான அந்த நாட்களில்தான் படகுகளுக்குத் தடைக்காலம்!

நாடி பிடித்தும்...

2004 டிசம்பர் 26. மாமல்லபுரத்தில் கடல் உள்வாங்கி, மூழ்கிக் கிடந்த பாறைகளைக் காட்டிய நாள். நிலநடுக்கம் நிகழ்ந்து சுமார் இரண்டு மணி நேரத்தில், ஜேசன்-1 என்ற செயற்கைக்கோள் இந்தியப் பெருங்கடலைக் கடந்தபோது சுனாமியை அளந்துவிட்டது. நடுக்கடலில் அதன் உயரம் சுமார் 60 செ.மீ. இடுப்பளவுகூட இல்லை! ஆனால் அந்த அளவு தரைக்கு வந்து, கணக்காகி, புரிவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. நாடி பிடித்தால் மட்டும் போதாது, உடனே வாய்திறந்து சொல்லவும் வேண்டும். இன்று கரையில் ரேடாரும், நடுக்கடலில் மிதவைகளும் ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பது அதற்காகத்தான்.

அடுத்த முறை மாமல்லபுரம் போனால், ஐந்து நிமிடம் கோயிலுக்கு முதுகைக் காட்டுங்கள். திடீர்க் காற்றில் நீரின்மேல் ஒரு கருந்திட்டு சரசரவென்று ஓடிவரும். நம் கண்ணுக்குக் கறுப்பு, ரேடாருக்கு அதுவே பளிச்சென்ற வெளிச்சம். கோயிலுக்கு டிக்கெட் உண்டு, இதற்குக் கிடையாது.