வாலிகண்டபுரத்திலிருந்து லே வரை

பெரம்பலூரிலிருந்து சென்னை போகும் நெடுஞ்சாலையில் வாலிகண்டபுரமும் ரஞ்சன்குடிக் கோட்டையும் அடுத்தடுத்து வருகின்றன. 1751-இல் இந்த வட்டாரத்தில் இரண்டு படைகள் எதிரெதிரே முகாமிட்டிருந்தன. ஒன்று, ஆற்காட்டு நவாப் பதவிக்கு உரிமை கோரிய சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரர்களும் சேர்ந்த படை. மற்றது, அதே பதவிக்குப் போட்டியிட்ட முகமது அலிக்கு உதவியாகக் கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையிலிருந்து கேப்டன் ஜிஞ்சன்ஸ் நடத்தி வந்த ஆங்கிலேயப் படை. ரஞ்சன்குடிக் கோட்டை அதிகாரி யார் பக்கமும் சாயாமல் இழுத்தடித்தார். கடைசியில் மோதல் வந்தபோது ஆங்கிலேயப் படை நிலைகுலைந்து திருச்சி நோக்கிப் பின்வாங்கியது. அந்தப் படையோடு வந்திருந்தவர்களில் ஒருவர், சிப்பாய்களுக்கான உணவுப்பொருளைக் கொள்முதல் செய்து கொடுக்கும் கமிசரி. வயது 25, பெயர் ராபர்ட் கிளைவ். அதே ஆண்டில் ஆற்காட்டைப் பிடித்த கிளைவை நம் பள்ளிப் புத்தகங்கள் விடாமல் சொல்கின்றன. வாலிகண்டபுரத்தில் மூட்டைக் கணக்குப் பார்த்த கிளைவைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆனால் அடுத்த சில ஆண்டுகள் திருச்சியைச் சுற்றி நடந்த சண்டையில் பீரங்கிக்கு இணையாக நின்றது அரிசி. புதுக்கோட்டைத் தொண்டைமான் சீமை வழியாக வண்டிகள் வந்தவரை ஆங்கிலேயர் தாக்குப்பிடித்தார்கள்.

படைக்குப் பொருள் சேர்ப்பவரை வரலாறு இப்படி ஓரங்கட்டுவது புதிதல்ல. இந்திய விமானப் படையின் லாஜிஸ்டிக்ஸ் பிரிவில் முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகள் பணியாற்றி ஏர் கமடோர், ஏர் வைஸ் மார்ஷல் என்று உயர்ந்து ஓய்வு பெறுபவரைச் சொந்த ஊர்க்காரர்களே 'ஸ்டோர்ஸ் ஆபீசர்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அந்தப் பெயர் அவர் வேலையின் கால்வாசியைக்கூடச் சொல்வதில்லை. ஒரு விமானத் தளத்தில் இன்று காலை எத்தனை விமானம் பறக்கும் என்பது, இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன்னால் இந்த அதிகாரி எதை வாங்கச் சொன்னார், எங்கே இருப்பு வைத்தார் என்பதைப் பொறுத்தது. இதைத் தளபதியின் முடிவுக்கு நிகரான முடிவாகவே கொள்ள வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில், வேலை என்னவென்று பார்த்துவிடலாம். பயிற்சி முடித்துப் பறக்கும் அதிகாரி என்ற முதல் பதவியில் சேர்பவர் (பதவிப் பெயர் அப்படி, லாஜிஸ்டிக்ஸ்காரர் விமானம் ஓட்டுவதில்லை) எரிபொருள், உதிரிபாகம், உடை ஆகியவற்றின் நடுவில்தான் தொடங்குகிறார். விமானத்துக்கு எரிபொருள் ஏற்றுவதற்கு முன் கொஞ்சத்தைக் கண்ணாடி ஜாடியில் பிடித்து வெளிச்சத்தில் பார்ப்பார்கள். கலங்கல் இருக்கக் கூடாது, அடியில் தூசி தங்கக் கூடாது, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று தனியாகச் சோதிக்க வேண்டும். உயரத்தில், உறையும் குளிரில் அந்தத் துளித் தண்ணீர் பனிக்கட்டியாகி வடிகட்டியை அடைத்துவிடும். அடுத்தது உதிரிபாகம். ரப்பர் வளையம், டயர், பாராசூட், வெடிபொருள் எல்லாவற்றுக்கும் ஆயுள் தேதி உண்டு. செட்டிகுளம் பக்கத்து விவசாயி சின்ன வெங்காயத்தைப் பட்டறை போட்டுவிட்டு, விலை ஏறும்வரை வைத்திருக்கலாமா, அழுகுவதற்கு முன் தள்ளிவிடலாமா என்று தினமும் கணக்குப் போடுவாரே, அதே கணக்குதான் இங்கேயும். ஒரே வித்தியாசம், இங்கே சந்தை என்பது போர், அது எப்போது கூடும் என்று யாருக்கும் தெரியாது. ஒரு பாகம் இல்லாமல் விமானம் தரையில் நின்றுவிட்டால் அதை 'ஏ.ஓ.ஜி.' என்பார்கள். அந்த மூன்றெழுத்தோடு ஒரு கோரிக்கை வந்தால் மற்றதெல்லாம் அப்புறம்தான். எங்குமே பாகம் கிடைக்காவிட்டால், நிற்கிற இன்னொரு விமானத்திலிருந்து கழற்றி மாட்ட வேண்டியிருக்கும். அன்றைக்குப் பிரச்சினை தீரும். இரண்டு விமானத்திலும் இரட்டை வேலை, கழற்றிய விமானமும் முடங்கும்.

பதவி உயர உயர, ஒரு தளத்தின் கவலை நாடு முழுவதன் கவலையாக விரிகிறது. ஆவடி போன்ற இடங்களில் உள்ள கிடங்குகள், சூலூரில் இருப்பது போன்ற பழுதுபார்ப்பு நிலையங்கள், இவற்றை நிர்வகிக்கும் நாக்பூர் பராமரிப்புக் கட்டளையகம் என்று வலை பெரிதாகிறது. இங்கேதான் தீர்மானங்களின் எடை தெரியும். 1984 முதல் நம் படையில் சுமைதூக்கியாக உழைக்கும் ஆன்டனோவ்-32 விமானத்தை எடுத்துக்கொள்வோம். வாங்கியது சோவியத் யூனியனிடம். 1991-இல் அந்த நாடே இல்லாமல் போனது. விமானத்தை வடிவமைத்த நிறுவனம் உக்ரைனில் நின்றுவிட்டது, பாகங்களைச் செய்த ஆலைகள் பல குடியரசுகளில் சிதறின. உதிரிபாகத்துக்கு அந்தத் தொண்ணூறுகளில் நம் படை பட்ட பாடு சிறிதல்ல. 2009-இல் இந்த விமானங்களைப் புதுப்பிக்க உக்ரைனோடு ஒப்பந்தம் போட்டோம். 2014-இல் ரஷ்யாவுக்கும் உக்ரைனுக்கும் முட்டிக்கொண்டதும் அந்த வேலையும் தடுமாறியது. ஆன்டனோவ் விமானிகளின் திறமையில் இத்தனை ஆண்டுகளில் எந்தக் குறையும் இல்லை. தடங்கல் முழுக்க முழுக்கப் பொருள் வரும் பாதையில்தான்.

அந்தப் பாதையை வகுப்பதும் வீரம்தான் என்பதற்கு நம் நாட்டிலேயே 1948-இல் ஒரு சான்று உண்டு. காஷ்மீர்ப் போரில் லே நகரம் துண்டிக்கப்படும் நிலை. சோனம் நோர்பு என்ற லடாக் பொறியாளர் சிந்து நதிக்கரையில் ஒரு மண் ஓடுபாதையைச் சமைத்தார். மே 24 அன்று ஏர் கமடோர் மேஹர் சிங் ஒரு டகோட்டா விமானத்தில், மேஜர் ஜெனரல் திம்மய்யாவையும் ஏற்றிக்கொண்டு, இமயமலைகளைத் தாண்டி அங்கே இறங்கினார். மேஹர் சிங் லாஜிஸ்டிக்ஸ் பிரிவுக்காரர் அல்ல, விமானி. ஆனாலும் அவர் திறந்துவிட்ட வழியில் தொடர்ந்து ஆளும் அரிசியும் குண்டும் போய்ச் சேர்ந்ததால்தான் லே பிழைத்தது. இன்றும் குளிர்காலத்தில் சோஜிலா கணவாய் அடைபட்டால் லடாக் வானத்தை அண்ணாந்து பார்க்க வேண்டியதுதான். லே ஓடுபாதை கடல்மட்டத்துக்கு 10,000 அடிக்கும் மேலே இருக்கிறது. வெயில் ஏறினால் காற்று மேலும் மெலிந்துவிடும் என்பதால் சரக்கு விமானங்கள் காலையிலேயே வேலையை முடிக்கப் பார்க்கும். உயரம் கூடக்கூட ஏற்றும் எடை குறையும். மேலே சியாச்சின் முகாம்களுக்குப் போகும் சிறு ஹெலிகாப்டரில் ஒவ்வொரு கிலோவும் பேரம்தான்: கூடுதலாக ஒரு கேன் மண்ணெண்ணெய் ஏற்றினால் எதை இறக்குவது?

உலக அளவில் இந்த வேலையை ஒரு முழு வாழ்க்கையாக வாழ்ந்து காட்டியவர் அமெரிக்க விமானப் படையின் வில்லியம் டன்னர். இரண்டாம் உலகப் போரில் அசாமிலிருந்து இமயத்தைத் தாண்டிச் சீனாவுக்குச் சரக்கு கொண்டுபோன 'ஹம்ப்' வழியை 1944-இல் ஏற்றார். பராமரிப்பை முறைப்படுத்தி விபத்து விகிதத்தைக் குறைத்து, சரக்கையும் கூட்டினார். 1948-இல் சோவியத் படை மேற்கு பெர்லினுக்கான தரைவழியை அடைத்தபோது அவரைத்தான் கூப்பிட்டார்கள். ஆகஸ்ட் 13, மழை மேகம் கட்டிடக் கூரைவரை இறங்கியிருந்த ஒரு வெள்ளிக்கிழமை. டெம்பல்ஹோஃப் தளத்தில் ஒரு விமானம் எரிந்தது, இன்னொன்றின் டயர்கள் வெடித்தன. மேலே சரக்கோடு வட்டமடித்த விமானங்களில் ஒன்றில் டன்னரே இருந்தார். தனக்குப் பின்னால் இருந்த அத்தனை விமானத்தையும் திருப்பி அனுப்பச் சொன்னார். அதன்பின் வந்த விதி எளிமையானது: இறங்க ஒரே வாய்ப்பு, தவறினால் சரக்கோடு திரும்பிப் போ. விமானிகள் தளத்தில் இறங்கிச் சிற்றுண்டிச் சாலைக்குப் போகக் கூடாது. சிற்றுண்டி வண்டி விமானத்தைத் தேடி வரும். மூன்று நிமிடத்துக்கு ஒரு விமானம். 1949 ஏப்ரலில் ஈஸ்டரை ஒட்டிய 24 மணி நேரத்தில் 12,900 டன்னுக்கு மேல் இறக்கினார்கள். மொத்தம் போய்ச் சேர்ந்த சுமார் 23 லட்சம் டன்னில் பெரும்பகுதி வெறும் நிலக்கரி. ஒரு குண்டு வீசாமல் ஒரு முற்றுகை முறிந்தது.

உயிரைப் பணயம் வைப்பவர் விமானிதானே, புகழும் அவருக்குத்தானே சேர வேண்டும் என்று கேட்கலாம். புகழ் அவருக்கே போகட்டும், அதில் வழக்கில்லை. ஆனால் முடிவெடுக்கும் பொறுப்பு வேறு, புகழ் வேறு. எல்லாம் கணினிக்குப் போன பிறகு ஆள் எதற்கு என்ற கேள்வியும் எழுகிறது. விமானப் படையில் 'இம்மோல்ஸ்' என்ற இணையவழிப் பொருள் மேலாண்மை முறை இயங்குகிறது. எந்தக் கிடங்கில் என்ன இருக்கிறது என்று அது நொடியில் சொல்லிவிடும். ஆனால், கடந்த ஆண்டு செலவான கணக்கை வைத்துத்தான் எந்தக் கணினியும் அடுத்த ஆண்டுத் தேவையைச் சொல்லும். விற்ற நாடு உடைந்துபோகும் என்றோ, பக்கத்து நாட்டோடு திடீரென எல்லையில் உரசல் வரும் என்றோ பழைய கணக்கில் எழுதியிருக்காது. உண்மையிலேயே வலுவான ஆட்சேபம் வேறொன்று: கொள்முதல் என்றாலே கை நீளும் என்ற பொதுச் சந்தேகம். அதற்கு முகாந்திரம் இல்லாமலில்லை. கிளைவே அந்தக் கமிசரி வேலையில் பெரும் பணம் பார்த்தவர்தான். அப்போது அவரைக் கேள்வி கேட்கத் தணிக்கை இல்லை. இப்போது கையெழுத்துப் போட்ட அதிகாரி ஓய்வு பெற்ற பிறகும் கோப்பு அவரைத் துரத்தும். சொல்லப்போனால், தணிக்கைக்குப் பயந்து தேவையான பாகத்தைக்கூட வாங்காமல் தள்ளிப்போடுவதுதான் இன்று பெரிய ஆபத்து என்று எனக்குத் தோன்றுகிறது.

அரியலூரின் சிமென்ட் லாரிகளுக்கும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களுக்கும் நடுவில், டன் கணக்கும் வண்டிக் கணக்கும் காதில் விழ வளரும் பிள்ளைகளுக்கு இந்த வேலையின் நுணுக்கம் அந்நியமாக இருக்காது. பிளஸ் டூவுக்குப் பிறகு எந்தப் பட்டப்படிப்பானாலும் சரி, 60 சதவீத மதிப்பெண் இருந்தால் லாஜிஸ்டிக்ஸ் பிரிவுக்கு 'ஆஃப்கேட்' தேர்வு எழுதலாம். ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கிறது, வயது 20 முதல் 26-க்குள் இருக்க வேண்டும், பெண்களும் எழுதலாம். தேர்வானால் ஐதராபாத் அருகே துண்டிகலில் ஓராண்டுப் பயிற்சி. விங் கமாண்டர் வரை பணிக்காலத்தைப் பொறுத்து உயர்வு வரும். அதற்கு மேல் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கே உயர்வு. தலைமைத் தளபதி நாற்காலிக்கு இதுவரை விமானிகள்தான் வந்திருக்கிறார்கள், இனியும் அப்படியே இருக்கலாம். விமானப் படையைப் பறந்து பழகியவர் நடத்துவதில் தவறில்லை. ஆனால் ஒரு புதிய போர் விமானத்தைத் தேர்ந்தெடுக்கும்போது வேகம், ரேடார், ஏவுகணை எல்லாம் பேசி முடித்த பிறகு கடைசி நாளில் லாஜிஸ்டிக்ஸ் அதிகாரியைக் கூப்பிட்டு விலைப்பட்டியலை நீட்டுவதில் பயனில்லை. இருபதாம் ஆண்டில் இதன் பம்ப்பை யார் செய்து தருவார், எந்த ஊரில், அந்த ஊர் அப்போது யாரோடு சண்டையில் இருக்கும் என்ற கேள்விகளைக் கேட்க முதல் கூட்டத்திலேயே அவருக்கு இடம் வேண்டும்.